பிளேட்லெட் எண்ணிக்கையும் உணவுக்குழாய் வேரிசஸும்

பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்றால் நமக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். சிரோசிஸ் நோயாளியின் ரிப்போர்ட்டில் அதே எண்ணைப் பார்க்கும் கல்லீரல் மருத்துவர் யோசிப்பது வேறு: இவருடைய உணவுக்குழாயில் சிரைகள் புடைத்திருக்குமோ?

வயிற்றில் இருக்கும் கல்லீரலுக்கும் உணவுக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்? குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுவதால் அந்த வழி நெருக்கடியாகிறது. மடை அடைபட்ட வாய்க்கால் தண்ணீர் பக்கத்து வரப்பை உடைப்பதுபோல, ரத்தம் மாற்று வழி தேடுகிறது. அப்படிக் கிடைக்கும் வழிகளில் ஒன்றுதான் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய சிரைகள். அவை புடைத்துச் சுருண்டு நிற்பதையே வேரிசஸ் என்கிறார்கள். கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாது. 10ஐ எட்டினால் வேரிசஸ் உருவாகலாம். 12 ஆனால் அவை வெடித்து ரத்த வாந்தி வரும் அபாயம் தொடங்குகிறது. வெடித்துவிட்டால், சிகிச்சை கிடைத்தும்கூட ஆறு வாரத்துக்குள் 100 பேரில் 15 முதல் 20 பேர் இறந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் சிரோசிஸ் என்று தெரிந்ததுமே எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி செய்துவிடுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அவர்களில் பலருக்கு உள்ளே ஒன்றுமே இருக்காது. செலவும் சிரமமும்தான் மிச்சம்.

பிளேட்லெட் இங்கே உதவுவதற்குக் காரணம் மண்ணீரல். போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறினால் அதுவும் வீங்குகிறது. சாதாரண மண்ணீரலே பிளேட்லெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். வீங்கியதோ 90 சதவீதம் வரைகூடப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் த்ராம்போபொயட்டின் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது. கல்லீரல் நலிந்தால் அதுவும் குறையும். ஆக, அந்த ஒரே எண் அழுத்தத்தையும் சொல்கிறது, கல்லீரலின் நிலையையும் சொல்கிறது. அடுத்து ஆல்புமின் என்ற ரத்தப் புரதம்: இதைத் தயாரிப்பது கல்லீரல் மட்டுமே என்பதால், இது குறைவதும் நோய் முற்றியதற்கு ஓர் அடையாளம்.

2003இல் இத்தாலிய மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை, ஸ்கேனில் தெரியும் மண்ணீரலின் மில்லிமீட்டர் நீளத்தால் வகுக்க வேண்டும். விடை 909க்கு மேல் என்றால் வேரிசஸ் இருக்க வாய்ப்பு குறைவு. 1,20,000 பிளேட்லெட், 150 மி.மீ. மண்ணீரல் என்றால் விடை 800. அப்படியானால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுவது நல்லது. ஃபிப்-4, ஆப்ரி போன்ற வாய்பாடுகளையும் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அவை கல்லீரல் தழும்பை அளக்க உருவானவை. வேரிசஸ் விஷயத்தில் அவற்றைப் பெரிதாக நம்ப முடியாது என்பதே என் கணிப்பு.

இன்று அதிகம் புழங்குவது, இத்தாலியின் பவேனோ நகரத்தின் பெயர் தாங்கிய மருத்துவ மாநாட்டுத் தொடர் 2015இல் வகுத்த விதி. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே, பிளேட்லெட் 1,50,000க்கு மேலே. இரண்டும் சேர்ந்திருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிவைக்கலாம். ஆபத்தான வேரிசஸ் தவறவிடப்படுவது 5 சதவீதத்துக்கும் குறைவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகள் ‘இல்லை’ என்று சொல்வதில்தான் கெட்டி. 80,000 பிளேட்லெட் என்பதால் மட்டும் வேரிசஸ் உறுதியாகிவிடாது. டெங்கு இருக்கலாம், ரத்தம் எடுத்த குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்திருக்கலாம். சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்தவர்களுக்கோ இந்த விதி பொருந்தவே பொருந்தாது. அவர்களுடைய கல்லீரல் மென்மையாகவே இருக்கும், வேரிசஸும் இருக்கும்.

எண்டோஸ்கோப்பியிலிருந்து தப்பித்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு அளவுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். இறுக்கம் கூடினாலோ பிளேட்லெட் இறங்கினாலோ, அப்புறம் எண்டோஸ்கோப்பிதான்.