பெயர் மாறிப்போன செடியும் அதன் வண்டும்

வெள்ளவத்தைக் கால்வாயில் பச்சைப் பாய் விரித்தாற்போல எது மிதந்தாலும் "ஜப்பான் ஜபரா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஜப்பான் விமானிகள் தரையென்று நினைத்துத் தண்ணீரில் இறங்கட்டும் என்று இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் வளர்த்ததாம். கதை நல்ல கதைதான். ஆனால் அந்த ஆகாயத்தாமரையைத் தடுக்க இலங்கையில் சட்டம் போட்டதே 1909 இல்!

ஊதாப் பூ எதுவும் இல்லாமல், சிறிய இலைகள் நடுவில் மடிந்து நெருக்கியடித்துக் கிடந்தால் அது வேறு செடி: சல்வீனியா. பன்னத்தின் இனம், பூக்காது. 1939 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை பாடம் நடத்தக் கொண்டுவந்தது, வயலுக்கும் வாய்க்காலுக்கும் தப்பிப் போய்விட்டது.

இதற்கு விதையும் கிடையாது, பன்னங்கள் பரவும் தூள் போன்ற வித்தி இருந்தாலும் அது முளைக்காது. ஒடிந்துதான் பெருகுகிறது, ஒடிந்த ஒவ்வொரு துண்டிலும் உள்ள குருத்து ஒரு புதுச் செடி. வெதுவெதுப்பான, கழிவு கலந்த நீரில் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். வாரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துப் பிடித்தாலும் பத்து வாரத்தில் ஒன்று 1,024 ஆகிவிடும். வாருகோல் போட்டு இழுத்தால் பாதி கரைக்கு வரும்; நொறுங்கிய மீதி அடுத்த பாலத்தை நோக்கி மிதக்கும்.

அப்படியானால் எதிரியைத் தேட வேண்டும். தேடியவர்கள் முதலில் சறுக்கினார்கள். செடியை வேறொரு தென்னமெரிக்கச் சல்வீனியா என்று நினைத்து, அதைத் தின்னும் கூன்வண்டை ஆபிரிக்காவில் விட்டார்கள். வண்டு இதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. இது தனி இனம் என்று தெரிந்து புதுப் பெயர் வைத்தது 1972 இல். அதன் சொந்த ஊர் தென்கிழக்கு பிரேசில் என்று 1978 இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டார்கள். அங்கே கிடைத்த வண்டையும் பழைய வண்டு என்றே நினைத்தார்கள். அதுவும் புது இனம் என்று உறுதியானது 1985 இல்தான். அதற்குள் அது குவீன்ஸ்லாந்தின் ஓர் ஏரியில் சுமார் 18,000 தொன் களையை அழித்து முடித்திருந்தது.

வண்டின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். வளர்ந்த வண்டு குருத்தைத் தின்னும். புழு தண்டைக் குடைந்து போகும். குருத்துப் போனால் ஒடிந்தாலும் பிழைக்க வழியில்லை. பாய் கபில நிறமாகி, அழுகி, அமிழும். வண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: செடியில் நைதரசன் போதாவிட்டால் அது பெருகாது. பப்புவா நியூகினியில் நீரில் யூரியா போட்டுக் களையை ஊட்டிய பிறகே வண்டு வேரூன்றியது. கொழும்புக் கால்வாய்களில் அந்தச் செலவு மிச்சம், ஊட்டத்தை நாமே ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இலங்கைக்கு வண்டு வந்தது 1986 இல். 1989 இல் வெளியான மதிப்பீடு, செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் நன்மை என்று கணக்கிட்டது. களை அடியோடு ஒழியவில்லை. ஒழிந்தால் வண்டும் பட்டினி கிடந்து செத்துப்போகும். கொஞ்சம் செடி, கொஞ்சம் வண்டு, அதுதான் கணக்கு.

அதனால் துப்புரவு செய்யும்போது எனக்கு ஓர் உறுத்தல். ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். குருத்து கறுத்து, தண்டில் ஓட்டை தெரிந்தால் அங்கே வேலை நடக்கிறது. அந்த மூலையை மட்டும் லொறியில் ஏற்றாமல் விடலாம்.