இருமினால் ஏன் சிறுநீர் சிந்துகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா கேட்டு அனுப்பியிருக்கிறார்: "முப்பது வருஷம் பால்மரம் வெட்டினேன் தம்பி, நாலு பிள்ளை பெத்தேன். இப்ப இருமினா, தும்மினா ரெண்டு சொட்டு சிந்திடுது. கோயில் திருவிழாவுக்குப் போகவே கூச்சமா இருக்கு. உடம்புச் சூடுதான், தண்ணியைக் குறைன்னு பக்கத்து லயத்துல சொல்றாங்க. நெசமா?"

சூடு இல்லை அக்கா. தண்ணீர் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

சிறுநீரகம் வடிகட்டுவதும், வடிகட்டியது பைக்கு இறங்குவதும் பள்ளியில் படித்ததுதான். பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 400, 500 மில்லிலிட்டர் கொள்ளும். நிரம்பும் நேரத்தில் பையின் சுவர் தளர்ந்தும், வாயிலுள்ள சுருக்குத்தசை இறுகியும் இருக்கும். போகும் நேரத்தில் இரண்டும் தலைகீழாக மாறும். சரி, இது தெரிந்த கதை. இருமும்போது என்ன நடக்கிறது என்பதுதான் அழகான பகுதி.

இருமல் வந்தால் வயிற்றுக்குள் அழுத்தம் நொடிக்கும் குறைவான நேரத்தில் எகிறுகிறது. அந்த அழுத்தம் சிறுநீர்ப்பையையும் பிழிகிறது. அப்படியானால் எல்லோருக்கும் ஒவ்வோர் இருமலிலும் சிந்த வேண்டுமே, ஏன் சிந்துவதில்லை? பையிலிருந்து இறங்கும் குழாய்க்கு அடியில் தசையும் சவ்வும் சேர்ந்த விரிப்பு ஒன்று இருக்கிறது. பிள்ளை வரும் பாதையின் முன்சுவரும் அதன் ஒரு பகுதிதான். இரு பக்கமும் அது இடுப்புத்தளத் தசையோடு, அதாவது இடுப்பின் அடிப்பக்கத்தைத் தாங்கும் தசையோடு, இணைந்திருக்கிறது. மேலிருந்து வரும் அழுத்தம் குழாயை இந்த விரிப்பின் மேல் வைத்து நசுக்குகிறது. ரப்பர் குழாயைச் சிமெண்டுத் தரையில் போட்டு மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். மழையில் ஊறிய சேற்றில் போட்டு மிதித்தால் குழாய் உள்ளே புதையுமே தவிர நசுங்காது. விரிப்பு விறைப்பாக இருக்கும்வரை, சிறுநீரை வெளியே தள்ளப் பார்க்கும் அதே அழுத்தமே வழியையும் அடைத்துவிடும். இருமல் பலமானால் அடைப்பும் பலமாகும்! அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜான் டிலான்சி 1994இல் இதை விளக்கினார். எனக்கு இன்றும் படிக்கப் படிக்க அலுக்காத விளக்கம் இது.

இன்னொன்றும் உண்டு. நல்ல நிலையில் உள்ள உடம்பில், இருமலின் அழுத்தம் எழுவதற்குச் சற்று முன்பே இடுப்புத்தளத் தசை தானாகவே இறுகிக்கொள்கிறது. பிரசவத்தில் தசையோ நரம்போ இழுபட்டவர்களுக்கு விரிப்பு தளர்வதோடு இந்த முந்திக்கொள்ளலும் தாமதமாகலாம். மாதவிடாய் நின்ற பிறகான மாற்றங்கள், உடல் எடை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து மேலும் தளர்த்தும்.

தானாக நடக்காததை நாமே செய்தால்? 1998இல் டிலான்சியும் சகாக்களும் லேசான கசிவுள்ள 27 மூத்த பெண்களுக்கு, இருமுவதற்கு முன்பே அந்தத் தசையை இறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே வாரப் பயிற்சி. காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லி, நனைந்த பரப்பை அளந்தார்கள். நடுத்தர இருமலில் கசிவு சுமார் 98 சதவீதமும் பலத்த இருமலில் சுமார் 73 சதவீதமும் குறைந்தது. ஒரு காகிதத் துண்டை வைத்தே இவ்வளவு கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் யாரும் இதனால் சாவதில்லை என்பதாலோ என்னவோ, இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க ஆள் குறைவு. பெரியவர்களுக்கான டயப்பர் விற்க ஆள் நிறைய என்பது என் ஆதங்கம்.

எந்தத் தசை என்று தெரிய வேண்டுமா? நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவீர்களே, அப்போது உள்ளே மேல்நோக்கி இழுப்பதுதான். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் செய்ய வேண்டும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். புரோஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிந்தும் ஆண்களுக்கும் இதே பயிற்சியைத்தான் சொல்லித்தருகிறார்கள்.

இருமாமலே திடீரென்று அவசரம் வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டால் அது வேறு வகை. அங்கே பைத்தசை நேரம் காலம் பார்க்காமல் சுருங்குகிறது. போகும் இடைவெளியைக் கால் மணி, அரை மணியாகக் கூட்டிப் பழக்க வேண்டும். மாத்திரையும் உண்டு, ஆனால் சில வகைகள் வாயை வறள வைக்கும், வயதானவர்களுக்குக் குழப்பமும் தரலாம். காலையில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி), பத்து மணிக்கு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), சாயங்காலம் இன்னொரு தே என்று போகிறவர்கள் முதலில் அதைக் குறைத்துப் பார்க்கலாம்.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், மலச்சிக்கலும் வரும், அந்த முக்கலில் விரிப்பு இன்னும் தளரும். செம்பனைக் காட்டில் ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சூடு தணிக்க என்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து தளர்ந்த தசையை இறுக்காது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமான சந்தேகம் இனிப்புநீர், அதாவது நீரிழிவு. மலேசிய இந்தியர்களிடையே அது மிக அதிகம். சர்க்கரை ஏறினால் சிறுநீர் அளவு கூடும். நாளடைவில் நரம்பு கெட்டு, பை நிரம்பியதே தெரியாமல் வழியவும் செய்யும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டும். தானாக நிறுத்திவிடாதீர்கள், எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கேளுங்கள்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், எரிச்சல் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று கால் பலவீனமானாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமலே நின்றாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். டாக்டரிடம் மலாயில் "தாக் போலே தஹான் கென்சிங்" (சிறுநீரை அடக்க முடியவில்லை) என்றாலே புரிந்துகொள்வார், வெட்கப்பட ஒன்றுமில்லை. போவதற்கு முன் மூன்று நாள் எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது சிந்தியது என்று எழுதி எடுத்துக்கொண்டு, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள் அக்கா. பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேட்கலாம்.