உட்காரும் கட்டத்தில் தெரியும் அணியின் குணம்

எங்கள் பள்ளி அணியில் வலது மூலையில் நின்று ஆடும் பெண்ணின் அப்பத்தா ஒருமுறை குறுவட்டக் கபடிப் போட்டியைப் பார்க்க வந்திருந்தார். கையில் தூக்குவாளி நிறைய வெள்ளைப் பணியாரம். கபடி விதிகள் அவருக்குத் தெரியாது. சிறு வயதில் அண்ணன்மார் வற்றிய கண்மாய்க்குள் சடுகுடு ஆடியதை, கரையில் ஆடு மேய்த்தபடி பார்த்ததோடு சரி. ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே பேத்தி அவுட். அவுட் ஆனவர்கள் உட்காரும் கட்டத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பிள்ளையை எதற்கு டீச்சர் வெளியே உட்காரவைத்துவிட்டார்கள்?” என்று கேட்டார். சொன்னேன். எப்போது உள்ளே விடுவார்கள் என்றார். கூட ஆடுகிறவர்கள் எதிரணியில் ஒருத்தியைத் தொட்டு வந்தாலோ, பாடி வருகிறவளைப் பிடித்துப் போட்டாலோ, வெளியே இருப்பவர்களில் முதலில் போனவள் உள்ளே வரலாம் என்று விளக்கினேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியென்றால் இவள் அவர்களையல்லவா பார்க்க வேண்டும்? ஏன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?”

காரைக்குடியில் உடற்கல்வி படித்துவிட்டு, இந்தச் செம்மண் பூமியிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தருகிறேன். அந்த நிமிடம் வரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பாடிப் போகிற ரெய்டர் எப்படிக் கால் வைக்கிறாள், தடுப்பில் நிற்கும் கவர் எப்போது பாய்கிறாள் என்று உள்ளே நடப்பதையே பார்த்துப் பழகிய கண். வெளியே உட்கார்ந்திருப்பவள் என் கணக்கில் அந்த நேரத்துக்கு இல்லாதவள்.

கிரிக்கெட்டில் அவுட் ஆனவர் கால்காப்பைக் கழற்றிவிட்டுக் கூடாரத்தில் தேநீர் குடிக்கலாம். கபடியில் அப்படி இல்லை. களத்தில் 7 பேர். போனவளுக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரியை இறக்க முடியாது. எதிர்க்களத்தில் ஆறு பேராவது நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கிடைக்கும் போனஸ் புள்ளி ஸ்கோரைத்தான் கூட்டும், யாரையும் உள்ளே கொண்டுவராது. தொட்ட புள்ளியும் பிடித்த புள்ளியும்தான் உயிர் கொடுக்கும். என் தவறால் நான் வெளியே போகிறேன். உள்ளே இருப்பவள் ஓர் ஆள் குறைந்த களத்தில் நின்று, தன் உடம்பைப் பணயம் வைத்து என்னைத் திரும்ப அழைக்கிறாள். கூட்டாளி என்றால் யார் என்பதை வகுப்பறையில் ஒரு வருடம் பேசினாலும் இவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. விதிப் புத்தகம் சொல்லிவிடுகிறது. பயிற்சியாளர்களாகிய நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

வெற்றி மனப்பான்மை என்றவுடன் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது வட்டமாகக் கை கோத்துக் கத்துவது. கத்தட்டும், நானும் கத்த விடுகிறேன். காலைப் பனியில் உடம்பு சூடேறும். ஆனால் அந்தச் சூடு முதல் லோனா வரைக்கும்தான் தாங்கும். ஏழு பேரும் அவுட் ஆகி, எதிரணிக்கு 2 புள்ளி கூடுதலாகப் போய், எல்லோரும் மறுபடி உள்ளே நுழைகிறார்களே, அப்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா, பார்க்காமல் தவிர்க்கிறார்களா? மீதி ஆட்டம் எப்படிப் போகும் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேவகோட்டைப் பக்கம் ஓர் ஊரில் மின்னொளிக் கபடி. ஒரு புள்ளி முன்னிலை, கடைசி ரெய்டு எங்களுடையது. சும்மா போய்த் திரும்பி வந்தாலே கோப்பை. எங்கள் ரெய்டர் ஆசைப்பட்டு உள்ளே போனாள், கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். ஸ்கோர் சமன். பிறகு வந்த கூடுதல் ரெய்டுகளில் தோற்றோம். ஊர் முழுக்கப் பார்க்க, “உன்னால்தான் போச்சு” என்று அவளைத் திட்டினேன். அவள் அழவில்லை. மறுநாள் பயிற்சிக்கும் சரியான நேரத்துக்கு வந்தாள். பரவாயில்லை, உறுதியான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பிடிபடவே இல்லை. பிடிபடுகிற தூரத்துக்கு அவள் போகவே இல்லை. ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனைக் கடந்து ஒரு கால் வைப்பாள், திரும்பிவிடுவாள். அந்த வருட முடிவில் கணக்கெடுத்தால் அவள் பெயரில் தவறே இல்லை, புள்ளியும் இல்லை. அதைவிட மோசம் தடுப்பில் நடந்தது. யாரும் முதலில் பாய்வதில்லை. இன்னொருத்தி பாயட்டும், நான் துணைக்குப் போகிறேன் என்று ஏழு பேரும் காத்திருந்தார்கள். திட்டு வாங்கியவள் ஒருத்திதான், ஆனால் பாடம் படித்தது மொத்த அணியும். தோல்விக்குக் காரணமாக இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நானே கற்றுக்கொடுத்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் அதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, அவர்கள் தனித்தனியே இழுத்தால் வரக்கூடிய மொத்த விசையில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. இதைப் படித்தபோது எனக்குத் தேர் வடம்தான் கண்ணில் நின்றது. வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர்கள் எத்தனை பேர், இழுப்பவர்கள் எத்தனை பேர் என்று தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைக் கேட்டால் சொல்வார். இழுக்கும் நேரம் ஒத்துப்போகாததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் 1974இல் ஆலன் இங்ஹாமும் அவருடைய சகாக்களும் கண்ணைக் கட்டி இழுக்கவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பியவுடனேயே, உண்மையில் தனியாக இழுத்தவரின் பலமும் குறைந்தது. யார் எவ்வளவு இழுத்தார் என்று தெரியாத இடத்தில் மனிதர் கை தானாகத் தளர்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்லித் திட்டி என்ன பயன்? ஒவ்வொருத்திக்கும் கண்ணுக்குத் தெரிகிற வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

அப்பத்தாவின் கேள்விக்குப் பிறகு, வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கும் வேலை கொடுத்தேன். எதிரணியில் எத்தனை பேர் மீதி, அவர்கள் தொடர்ந்து எத்தனை வெற்று ரெய்டு போய்விட்டார்கள், அடுத்தது மூன்றாவது ரெய்டா, புள்ளி எடுக்காவிட்டால் வந்தவள் அவுட்டா, இதையெல்லாம் அவள்தான் எண்ணி வைத்திருக்க வேண்டும். ரெய்டு முடிந்த இடைவெளியில் உள்ளே சொல்ல வேண்டும். எங்கள் ரெய்டர் எதிர்க்களத்தில் இருக்கும்போது மூச்சுவிடக் கூடாது. பாடிக்கொண்டிருக்கிறவளுக்குச் சொந்த அணி குரல் கொடுத்தால் எதிராளிக்குப் புள்ளி. ஆகவே 30 வினாடி வாய் மூடி இருந்து, பிறகு ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழக வேண்டும். ஒரு ரெய்டு முடிந்து அடுத்த ரெய்டுக்கு ஆளை அனுப்ப 5 வினாடிதான் அவகாசம். உள்ளே இருப்பவள் தன் தவறை நினைத்து வருந்தவும் அதே 5 வினாடிதான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மீதி வருத்தத்தை பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு மாற்றத்துக்குப் பலன் வர மூன்று மாதம் பிடித்தது. முதலில் எண்ணிக்கை தப்பும், வெட்கம் தடுக்கும், பெரிய வகுப்புப் பெண்களுக்குச் சின்ன வகுப்புப் பெண் சொல்வது பிடிக்காது. விடாமல் நின்றோம்.

பயிற்சி ஆட்டங்களை இப்போது ஏழுக்கு ஏழு என்று தொடங்குவது குறைவு. மூன்று பேர் ஒரு பக்கம், ஏழு பேர் மறுபக்கம், எட்டுப் புள்ளி பின்தங்கிய நிலை, மீதி நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆரம்பிக்கிறோம். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரெய்டரைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. ஆள் குறைந்த அணிக்கு ஆட்டம் தானே ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. பின்தங்கிய நிலையைப் பத்து முறை பயிற்சியில் பார்த்தவளுக்கு, போட்டியில் அது வரும்போது ஏற்கெனவே தெரிந்த இடமாக இருக்கும். நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். படபடக்காமல் இருக்க மருந்து ஏதும் என்னிடம் இல்லை. படபடப்போடு என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கும் காலுக்கும் தெரிந்திருந்தால் போதும்.

எங்கள் பக்கத்து வடமாடு மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நீண்ட வடத்தில் கட்டிய காளை, ஒன்பது பேர் கொண்ட குழு, குறித்த நேரம். ஒருவன் விழுந்துவிட்டால் அடுத்தவன் மாட்டைத் தன் பக்கம் திருப்ப வேண்டும். விழுந்தவனை “ஏன் விழுந்தாய்” என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

பாராட்டிலும் கவனம் வேண்டும். திட்டுவது கெடுக்கும் என்று பலருக்குத் தெரியும், புகழ்வதும் கெடுக்கும் என்பது தெரியாது. அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை “நீ புத்திசாலி” என்றும் சிலரை “நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள் கொடுத்து எல்லோரையும் திணறவைத்தார்கள். அதன் பிறகு பழையபடி எளிதானவை. புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள், உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். என்னை உறுத்தியது இன்னொன்று. தங்கள் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைக்கு எழுதி அனுப்பச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கூட்டி எழுதினார்கள். பட்டம் கொடுத்தால் அதைக் காப்பாற்றப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது. “புலி”, “சிங்கம்” என்று ஃபிளெக்ஸ் அடிக்கிற அண்ணன்மார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெரிய அணிகளும் இதிலிருந்து தப்பவில்லை. ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்த 1990 முதல் 2014 வரை நடந்த 7 போட்டிகளிலும் இந்திய ஆடவர் அணிக்குத்தான் தங்கம். 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. தோற்றதே இல்லை என்ற பழக்கம், தோற்கிற நிமிடத்தில் என்ன செய்வது என்று சொல்லித்தராது. அடுத்த ஹாங்சோ விளையாட்டின் இறுதி ஆட்டம் 2023 அக்டோபரில் நடந்தது. மறுபடி ஈரான், 28-28, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் ஒரு ரெய்டில் தகராறு. தீர்ப்பு மாறி மாறி வந்தது, இரு அணியினரும் ஆடுகள விரிப்பில் உட்கார்ந்து ஆட மறுத்தார்கள், ஒரு மணி நேரம் போல ஆட்டம் நின்றது. முடிவில் இந்தியா 33-29. உட்கார்ந்து அடம்பிடித்ததை என் பிள்ளைகளுக்கு நான் முன்மாதிரியாகக் காட்டமாட்டேன். உடம்பு ஆறிப்போன பிறகு எழுந்து வந்து மீதி ஆட்டத்தைச் சிதறாமல் முடித்தார்களே, அதை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல விஷயம். வருவாய் மாவட்டம், மாநிலம் என்று சான்றிதழ் சேர்க்க நீங்கள் துடிப்பது நியாயம். வளவு வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய்க்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று “சான்றிதழ் போயிடும்” என்று கத்தாதீர்கள். பாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு மூச்சு ஒன்றுதான் இருக்கிறது, அதில் உங்கள் பயத்துக்கு இடமில்லை.

பயிற்சி ஆட்டங்களுக்கு நான் நடுவர் வைப்பதில்லை. தொடுபட்டவள் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். முதல் மாதம் முழுக்கச் சண்டைதான். இதைக் கொண்டுபோய்ப் போட்டியிலும் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போன வருடம் கல்லல் பக்கம் நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரணி ரெய்டரின் விரல் எங்கள் வலது மூலைப் பெண்ணின் தோளில் உரசியது. நடுவர் பார்க்கவில்லை. ரெய்டருக்கே நிச்சயமில்லை. இவள் கையைத் தூக்கினாள். அந்த ஆட்டத்தை ஒரு புள்ளியில் தோற்றோம், மாவட்டப் போட்டிக்குப் போகவில்லை. அவளுடைய அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள்தானே கெடுத்தீர்கள் என்று மற்ற பெற்றோரும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இன்றும் இல்லை.

எனக்கு நினைவிருப்பது அவள் வெளியே வந்த விதம். கட்டத்தில் போய் உட்கார்ந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணை ஒரு முறை தட்டினாள். தலையை நிமிர்த்தி உள்ளே பார்த்துச் சொன்னாள்: “நாம் ஐந்து பேர். அடுத்து வருகிறவளுக்குப் போனஸ் கிடையாது.”