பத்துப் பேரில் நீ யார்? காலாட்படைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

பட்டாளத்துக்குத் தயாராகிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், என்ன துப்பாக்கி தருவாங்க?" என்பதுதான். ஏகே-203, சிக் 716 என்று பெயர், எடை, தோட்டா அளவு எல்லாம் யூடியூப் புண்ணியத்தில் மனப்பாடம். சரி, ஜி.டி.க்குத்தானே (ஜெனரல் டியூட்டி, அதாவது பொதுப்பணிச் சிப்பாய் வேலைக்கு) விண்ணப்பம் போட்டிருக்கிறாய், "ஒரு செக்‌ஷன்ல எத்தன பேருலே மக்கா?" என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறான். காலாட்படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எஸ்எல்ஆர் போய் இன்சாஸ் வந்ததையும், இன்சாஸ் போகத் தொடங்கியதையும் பார்த்தாயிற்று. துப்பாக்கி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போய் உட்காரப்போகிற இடம் மாறாது. அதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் குமரி மாவட்டத்தில் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ராணுவம் மூன்றையும் 'பட்டாளம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முதல் இரண்டும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிற படைகள். ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். தேர்வும் வேறு, பணி விதிகளும் வேறு. பக்கத்து வீட்டு அண்ணன் சிஆர்பிஎஃபில் இருக்கிறார் என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் ராணுவத்துக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

இனி செக்‌ஷன். காகிதத்தில் பத்துப் பேர். தலைவர் ஒரு ஹவில்தார், அவருக்கு அடுத்து ஒரு நாயக். மற்றவர்கள் லான்ஸ் நாயக், சிப்பாய். லீவு, கோர்ஸ், வேறு டியூட்டி என்று ஆள் போய்விட, களத்தில் பல நேரம் ஏழெட்டுப் பேர்தான் நிற்பார்கள். இந்தப் பத்துப் பேர் கையிலும் ஒரே மாதிரி ஆயுதம் இருக்கும் என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செக்‌ஷன் இரண்டாகப் பிரிந்து வேலை செய்யும். எல்எம்ஜி என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கியோடு ஒரு சிறு குழு, அதை நாயக் பார்த்துக்கொள்வார். மிச்சம் ரைபிள்காரர்கள், அவர்கள் ஹவில்தாரோடு.

எதிரி ஒரு மேட்டில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் ஒன்றாக எழுந்து ஓடினால் யாரும் போய்ச் சேர மாட்டார்கள். எல்எம்ஜி குழு பக்கவாட்டில் ஒதுங்கிப் படுத்து, எதிரியைத் தலை தூக்கவிடாமல் சுடும். அந்த நேரத்தில் ரைபிள் குழு நகரும். ரைபிள் குழு நெருங்க நெருங்க எல்எம்ஜி தன் சூட்டை அவர்களிடமிருந்து விலக்கிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் நிறுத்த வேண்டும். ஒரு நொடி முன்னால் நிறுத்தினால் எதிரி எழுந்துவிடுவான், ஒரு நொடி தாமதித்தால் நம் ஆள் மேலேயே விழும். உலகத்தில் எந்த நவீன ராணுவத்தை எடுத்துக்கொண்டாலும் காலாட்படையின் அடிப்படை வேலை இதுதான்: ஒருவர் சுட, ஒருவர் நகர. அமெரிக்கச் செக்‌ஷன் ஒன்பது பேர், நம்முடையது பத்துப் பேர் என்று எண்ணிக்கை மாறலாம், அவ்வளவுதான்.

இதில் யாரும் பேசாத ஒரு ஆள் எல்எம்ஜி நம்பர் டூ. சுடுகிறவன் நம்பர் ஒன். நம்பர் டூ அவன் பக்கத்தில் படுத்துக் கூடுதல் ரவுண்டுகளைச் சுமப்பவன், மேகசின் மாற்றிக் கொடுப்பவன், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கு வைப்பவன், குண்டு எங்கே போய் விழுகிறது என்று பார்த்துச் சொல்பவன். நம்பர் ஒன் அடிபட்டால் அதே நொடியில் துப்பாக்கியை இழுத்துக்கொண்டு சுடப்போகிறவனும் அவனே. புதிதாகப் பல்டனுக்கு, அதாவது பட்டாலியனுக்கு, வருகிற சிப்பாய்க்கு இந்த இடம் கிடைத்தால் முகம் தொங்கிவிடும், 'சும்மா ரவுண்டு தூக்குற வேலை' என்று. என்னைக் கேட்டால் செக்‌ஷனில் மிகவும் நிதானமான பையனைத்தான் அங்கே போட வேண்டும்.

ஹவில்தார் சுடச் சொல்லும்போது வார்த்தைகளுக்கு ஒரு வரிசை உண்டு. யாருக்கு இந்த ஆணை, எத்தனை மீட்டர், எந்தத் திசையில் எந்த இலக்கு, எப்படிச் சுட வேண்டும். வரிசை மாறினால் அந்தச் சத்தத்தில் ஒன்றும் விளங்காது. இதில் 'எத்தனை மீட்டர்' என்பதுதான் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அழைத்துப்போய் ஒரு காற்றாலையைக் காட்டி எவ்வளவு தூரம் என்று கேட்பேன். பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். உருவம் பெரிது, வெயில் பளிச்சென்று இருக்கிறது, இடையில் வெறும் வெளி. இந்த மூன்றுமே பொருளைக் கிட்டத்தில் காட்டும். தண்ணீருக்கு அக்கரையில் இருப்பதும் அப்படித்தான். சூரியன் எதிரே இருந்தாலோ, இலக்கு நிழலில் இருந்தாலோ உள்ளதைவிடத் தள்ளித் தெரியும். நூறு மீட்டர் எவ்வளவு என்று கண்ணில் பதிய வைத்துக்கொண்டு, அதை வைத்தே அடுத்தடுத்து அளந்து பழகுங்கள். இதற்குப் பணம் காசு எதுவும் வேண்டாம்.

மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளாட்டூன். பல நாடுகளில் இதற்கு இளம் அதிகாரி ஒருவர் தலைமை தாங்குவார். நம்மிடம் பெரும்பாலும் நாயிப் சுபேதாரோ சுபேதாரோதான், அதாவது சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், தலைவர் பொதுவாக மேஜர். நான்கு ரைபிள் கம்பெனி, ஒரு சப்போர்ட் கம்பெனி, ஒரு தலைமையகக் கம்பெனி எல்லாம் சேர்ந்தது பட்டாலியன். சுமார் 800 பேர். இதைத்தான் நாங்கள் பல்டன் என்போம். முன்பு லெப்டினன்ட் கர்னல் நடத்தியதை 2004-க்குப் பிறகு கர்னல் நடத்துகிறார். அதற்கு மேலே மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், மூன்று பிரிகேடோடு பீரங்கி, பொறியாளர் எல்லாம் சேர்த்து ஒரு டிவிஷன் என்று போகும். புதிதாகச் சேர்கிறவன் அதையெல்லாம் இப்போதே மண்டையில் ஏற்ற வேண்டியதில்லை.

சப்போர்ட் கம்பெனியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 81 எம்எம் மார்ட்டர் அங்கேதான் இருக்கிறது. பட்டாலியன் கமாண்டர் யாரையும் கேட்காமல் பயன்படுத்தக்கூடிய சொந்தப் பீரங்கி என்றே அதைச் சொல்லலாம். சுமார் 5 கிலோமீட்டர் வரை எட்டும், மலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் மேலும் மேலிருந்து விழும். வண்டி போகாத இடத்தில் குழல் ஒருவன் முதுகில், அடித்தட்டு ஒருவன் முதுகில், கால் ஒருவன் முதுகில். ஒரு குண்டு நாலு கிலோவுக்கு மேல், அதைச் சுமக்க இன்னும் ஆட்கள். சுடுகிறவர்களுக்கு இலக்கு தெரியாது. முன்னால் ரைபிள் கம்பெனியோடு போயிருக்கும் மார்ட்டர்காரர் ரேடியோவில் சொல்வதை வைத்துத்தான் கோணம் வைப்பார்கள். கணக்குப் பாடத்தில் தேறமாட்டேன் என்று பட்டாளத்துக்கு ஓடிவருகிறவன் இங்கே வசமாக மாட்டிக்கொள்வான். டாங்கியை அடிக்கும் ஏவுகணைகளும் சப்போர்ட் கம்பெனியில்தான்.

பட்டாலியனுக்கென்று கமாண்டோ பயிற்சி பெற்ற ஒரு காதக் பிளாட்டூனும் உண்டு, இருபது பேர் அளவில். 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லில் செங்குத்துப் பாறையில் ஏறியது 18 கிரெனேடியர்ஸ் பட்டாலியனின் காதக் பிளாட்டூன். அதில் இருந்த யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது 19 வயது, பரம்வீர் சக்ரா வாங்கினார். பையன்கள் எல்லாருக்கும் காதக் ஆசைதான். அதற்குள் போகும் வழி உங்கள் செக்‌ஷனில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதில்தான் தொடங்கும்.

தலைமையகக் கம்பெனியில் சிக்னல், வண்டி, ராஷன், ஸ்டோர். லங்கரில் சமைப்பவரும் அவசரம் வந்தால் ரைபிளை எடுத்துக்கொண்டு மோர்ச்சாவில் (காவல் அரணில்) நிற்க வேண்டியவர்தான். சமையல் போன்ற தொழில் வேலைக்கு டிரேட்ஸ்மேனாகச் சேர்ந்தால் துப்பாக்கிப் பக்கம் போக வேண்டாம் என்று சில பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது சரியான கணக்கு இல்லை.

இனி துப்பாக்கிக்கே வருவோம், அதைச் சொல்லாமல் விடமாட்டீர்கள். இன்சாஸ் 5.56 எம்எம். சிக் 716 என்பது 7.62-க்கு 51 தோட்டா (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது கூட்டின் நீளம், இரண்டும் எம்எம்மில்). 2019-ல் 72,400 வாங்க ஒப்பந்தமாகி, பெரும்பாலும் எல்லையில் நிற்கும் காலாட்படைக்குப் போனது. உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டத்தில் கோர்வா என்ற இடத்தில் தயாராகும் ஏகே-203, 7.62-க்கு 39. இன்சாஸ் இடத்தைப் பெரிய அளவில் பிடிக்கப்போவது அதுதான். இதோடு இஸ்ரேலின் நெகேவ் எல்எம்ஜி, பிளாட்டூன்களில் தோளில் வைத்து அடிக்கும் 84 எம்எம் கார்ல் குஸ்தாஃப் ராக்கெட் லாஞ்சர்.

'5.56 காயப்படுத்த மட்டும், 7.62 கொல்ல' என்று ஒரு கதை டீக்கடை வரைக்கும் ஓடுகிறது. உண்மையான காரணம் எடையும், சுடும்போது தோளில் வாங்கும் உதைப்பும். நூறு ரவுண்டு எடுத்துக்கொண்டால் 5.56 சுமார் 1.2 கிலோ, ஏகே-203 ரவுண்டு 1.6 கிலோவுக்கு மேல், சிக் 716 ரவுண்டு 2.4 கிலோ. பெரிய தோட்டா தூரம் போகும், பலமாக அடிக்கும். சிறிய தோட்டாவை இரண்டு மடங்கு எண்ணிக்கையில் எடுத்துப்போகலாம், உதைப்பும் குறைவு. எது உசத்தி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை, எந்த மலையில் எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது.

எடையை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், காலாட்படைக்காரன் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது. ரைபிள் நாலு கிலோ அளவில். அப்புறம் நிரப்பிய மேகசின்கள், குண்டு துளைக்காத சட்டை, ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், கையெறி குண்டு, குழி தோண்டும் கருவி, முதலுதவிக் கட்டு. ஆள் எடுக்கும்போது ஓடச் சொல்வது 1.6 கிலோமீட்டர், அதுவும் வெறும் பனியனோடு. பல்டனில் பிபிஇடி என்ற தேர்வில் ரைபிளும் சுமையுமாக 5 கிலோமீட்டர். இளவயதுக்காரன் எக்ஸலென்ட் வாங்க 25 நிமிடத்துக்குள் வர வேண்டும். சங்குத்துறை மணலில் ஓடிப் பழகியவன் கால் நன்றாக இருக்கும், தோளும் இடுப்பும் இருக்காது. சேர்வதற்கு முந்தைய மாதங்களில் கயிறு ஏறுவதையும் முதுகுக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பதினேழு வயதில் மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஓட வேண்டாம், முட்டி போய்விடும், மெடிக்கலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டிரோன் வந்துவிட்டது, இனி காலாட்படை எதற்கு என்றும் கேட்கிறார்கள். 2025 ஜூலை 26 கார்கில் வெற்றி தினத்தன்று ராணுவத் தளபதி அறிவித்தது என்ன? காலாட்படை பட்டாலியன்களிலேயே டிரோன் பிளாட்டூன். மார்ட்டர் எப்படி பட்டாலியன் கைக்கு வந்ததோ அதேபோல டிரோனும் வருகிறது. டிப்ளமோ முடித்துவிட்டு 'எனக்கு ஜி.டி. வேண்டாம்' என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் ஊர்ப் பையன்கள் பலர் போய்ச் சேர்வது மெட்ராஸ் ரெஜிமென்டில், பயிற்சி நீலகிரி வெலிங்டனில். தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பாரக்கில் விளவங்கோடு, கல்குளம் பையன்களுக்கு முதல் வாரமே ஒரு வசதி, மலையாளம் பாதி தெரிந்திருக்கும். ஆணைகள் இந்தியில், அதை எல்லாரும் சேர்ந்தே கற்றுக்கொள்வீர்கள். அந்த ரெஜிமென்டின் 9-வது, 16-வது பட்டாலியன்கள் பழைய திருவிதாங்கூர் படையிலிருந்து வந்தவை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த அரசின் படை அது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அந்தப் படைக்கே பயிற்சி கொடுத்தார், கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. பக்கத்தில்தானே, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. ஜி.டி.க்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும். அக்னிவீர் என்றால் நான்கு ஆண்டு, அதன்பின் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சேவா நிதித் தொகையோடு வெளியே வருவார்கள், ஓய்வூதியம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஆன்லைன் தேர்வுக்கான சிறு கட்டணத்தைத் தவிர ராணுவத்தில் சேர யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. "உள்ளே ஆள் இருக்கு, மெடிக்கல் நான் பார்த்துக்கிறேன்" என்று எவராவது வந்தால், அவர் பழைய பட்டாளத்துக்காரராகவே இருந்தாலும், ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.