ஜீமேட் பரீட்சை: கேள்வியை விட்டுவிடவும் பழக வேண்டும்

உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வெளிநாட்டு எம்.பி.ஏ. படிப்புக்காக ஜீமேட் (GMAT) என்ற கணினிவழி நுழைவுப் பரீட்சை எழுதும்போது தடுமாறுவதை அடிக்கடி காண்கிறோம். கணித அறிவு போதாததால் அல்ல. அங்கே வருவது பெரும்பாலும் சாதாரண தரத்தில் படித்த எண்கணிதமும் அட்சரகணிதமும்தான். கேத்திரகணிதம் இப்போது இல்லை. காலை வாருவது நம் பழக்கம். பல்தேர்வு வினாத்தாள் என்றால் "தெரிந்ததை முதலில் செய், மற்றதுக்குப் பிறகு வா" என்றே சொல்லித்தந்திருக்கிறார்கள். ஜீமேட்டில் ஒரு விடையைத் தெரிவுசெய்யாமல் அடுத்த கேள்விக்குப் போகவே முடியாது.

2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் மூன்று பகுதிகள்: கணிதம் 21 கேள்வி, மொழி 23, தரவு 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை.

நீங்கள் சரியாகச் செய்யச் செய்ய, கணினி கடினமான கேள்விகளைத் தரும். ஆகவே கடினமான கேள்வியைக் கண்டு பதற்றப்பட வேண்டாம். ஆனால் அதோடு மல்லுக்கட்டி ஐந்து நிமிடம் போக்கினால், கடைசி இரண்டு மூன்று கேள்விகளுக்கு நேரமிருக்காது. பிழையான விடையைவிட, விடையளிக்காமல் விட்ட கேள்விதான் புள்ளியை அதிகம் இழுத்து விழுத்தும். கணிதப் பகுதியில் 7ஆம் கேள்வி முடியும்போது 30 நிமிடமும், 14ஆவது முடியும்போது 15 நிமிடமும் மீதி இருக்க வேண்டும். மூன்று நிமிடமாகியும் வழி தெரியவில்லையா? ஊகித்து ஒரு விடையைத் தெரிவுசெய்து, அடையாளமிட்டு நகருங்கள். பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றலாம்.

தரவுப் பகுதியில் 'இந்தத் தகவல் போதுமா?' என்ற வகைக் கேள்விகள் நம் மாணவர்களுக்குப் புதிது. ஓர் உதாரணம்: பேனை 30 ரூபாய், கொப்பி 70 ரூபாய். ஒருவர் எத்தனை கொப்பி வாங்கினார்? தகவல் ஒன்று: மொத்தச் செலவு 290 ரூபாய். தகவல் இரண்டு: மொத்தம் 7 பொருட்கள். இரண்டு தெரியாக் கணியம், இரண்டு சமன்பாடு, ஆகவே இரண்டு தகவலும் வேண்டும் என்று கை தானாகப் போகும். பிழை. கொப்பியை அரைவாசியாக வாங்க முடியாதே. 290 ரூபாய்க்கு 2 கொப்பியும் 5 பேனையும் தவிர வேறு சேர்க்கை இல்லை. முதல் தகவல் மட்டுமே போதும். கணக்கைச் செய்து முடிப்பது அல்ல, போதுமா என்று தீர்ப்பதுதான் வேலை. இந்த மாற்றத்துக்கு மனம் பழக வாரக்கணக்கில் ஆகும்.

கணிதப் பகுதியில் கணிப்பான் கிடையாது. தரவுப் பகுதியில் மட்டும் திரையில் ஒன்று வரும். பின்னம், சதவீதம், வாய்ப்பாடு மூன்றையும் கையாலேயே செய்து பழகுங்கள். மொழிப் பகுதியில் பந்தியில் உள்ளதை மட்டும் வைத்து விடை தேடுங்கள். உங்கள் சொந்த அறிவை அதற்குள் கொண்டுவர வேண்டாம்.

ஒரு பிழைக் கொப்பி கட்டாயம். சரியான விடையை எழுதி வைப்பதில் பயனில்லை. ஏன் பிழைத்தது என்பதை எழுதுங்கள்: வாசிப்புப் பிழையா, கருத்துப் பிழையா, நேரமா? எம்.பி.ஏ. டொட் கொம் தளத்தில் இலவச மாதிரிப் பரீட்சைகள் இரண்டே இரண்டு. முதல் வாரத்திலேயே இரண்டையும் செய்து தீர்த்துவிடாதீர்கள். ஒன்றைத் தொடக்கத்திலும் மற்றதைப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னரும் வையுங்கள்.

பதிவுசெய்யும்போது பெயரில் கவனம். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதுவது நம் வழக்கம். கடவுச்சீட்டிலோ அது முழுதாக, குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள். பொருந்தாவிட்டால் பரீட்சைக்கு விடாமல் திருப்பி அனுப்பலாம்.

கொழும்பு போய் எழுதுவதானால் முதல் நாளே போய்த் தங்குங்கள்; இரவு பஸ்ஸில் இறங்கி நேரே போய் உட்காராதீர்கள். வீட்டிலிருந்து எழுதுவதானால் அறையில் வேறு யாரும் நுழையக்கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கவும் கூடாது. கணினிக்கு மட்டுமல்ல, ரவுட்டருக்கும் யூ.பி.எஸ். போடுங்கள். பக்கத்தில் கோயில் இருந்தால், திகதி எடுக்கமுன் திருவிழா நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.