எம்பாஸிங் என்பது பொறிப்பு அன்று

சென்ற மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு துண்டறிக்கை என் கைக்கு வந்தது. கையால் செய்த காகிதத்தைக் கொண்டு வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பெட்டிகளும் செய்யக் கற்றுத்தரும் இரண்டு நாள் வகுப்புக்கான அறிவிப்பு அது. வகுப்பைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அச்சைக் கொண்டு காகிதத்தை உருவமாக வெட்டும் ‘டை கட்டிங்’ என்பதைச் ‘சாய வெட்டு’ என்றும், காகிதத்தில் உருவத்தை மேடாக எழுப்பும் ‘எம்பாஸிங்’ என்பதைப் ‘பொறிப்பு’ என்றும் அதில் தமிழாக்கியிருந்தார்கள். முதலாவது வெறும் கவனக்குறைவு. இரண்டாவதோ, படித்தவர்களும் நின்று வாதாடத் துணியும் பிழை. இந்த ஓராண்டில் அதை நான் காண்பது நான்காம் முறை. முப்பது ஆண்டுகள் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியவனுக்கு நான்காம் முறையும் வாயை மூடிக்கொண்டிருப்பது கடினம்.

சாய வெட்டை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘டை’ என்று ஒலிக்கும் சொற்கள் மூன்று: சாவதைக் குறிப்பது ஒன்று, சாயத்தைக் குறிப்பது ஒன்று, அச்சைக் குறிப்பது ஒன்று. தமிழ் எழுத்தில் எழுதினால் கழுத்தில் கட்டும் டையும் சேர்ந்து நான்காகிவிடும். அச்சைக் குறிக்கும் சொல், தாயக்கட்டையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் ‘கொடுக்கப்பட்டது’ என்று பொருள்படும் இலத்தீனச் சொல் என்பர். சாவுக்கும் சாயத்துக்கும் இதனோடு எந்த உறவும் இல்லை. கணினியிடம் மொழிபெயர்ப்பை ஒப்படைத்தவர்களின் கைவண்ணத்தில் ‘இறப்பு வெட்டு’ என்றுகூடக் கண்டிருக்கிறேன். அதைப் படிப்பவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார், ஆகவே கேடில்லை. சாய வெட்டு அப்படிப்பட்டதன்று. அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்திக் கழிவிலிருந்து வண்ண வண்ணமாகக் காகிதம் செய்துவரும் ஊர் இது. இங்கே காகிதத்தோடு சாயம் என்ற சொல் சேர்ந்து வந்தால் படிப்பவர் நம்பிவிடுவார். அந்த வகுப்புக்குப் பெயர் கொடுக்க வந்த ஓர் அம்மா, “சாயம் ஏத்த வெள்ளைத் துணி நாங்களே கொண்டுவரணுமா?” என்று கேட்டதாக அறிந்தேன். அவர் மேல் என்ன தவறு?

இந்தக் கருவிக்கு ‘வெட்டச்சு’ என்பதே பொருத்தமான பெயர். பூ, இலை, வளைவு என்று வேண்டிய உருவத்தின் ஓரம் முழுவதும் கூர்மையான விளிம்பாக எழுந்து நிற்கும் எஃகு அச்சு அது. பெரிய அச்சகங்களில் மெல்லிய எஃகுப் பட்டையை உருவத்துக்கு ஏற்ப வளைத்து ஒட்டுப்பலகையில் பதித்து வைத்திருப்பார்கள். வீட்டில் வைத்துச் சுற்றும் சிறு எந்திரத்துக்கு உரியவை மெல்லிய தகடுகளாகவே வரும். இரண்டு பலகைகளுக்கு நடுவே காகிதத்தையும் வெட்டச்சையும் வைத்து உருளைகளுக்கு இடையே தள்ளினால் உருவம் தனியே வெட்டுப்பட்டு வந்துவிடும். முறுக்கு அச்சையும் அச்சுவெல்லத்தையும் அறிந்த தமிழருக்கு அச்சு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. சிலர் ‘அச்சுவெட்டு’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். அது அச்சையே வெட்டி உருவாக்கும் வேலையைக் குறிக்கும். 1578இல் கொல்லத்தில், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துகளுக்கு யாரோ செய்தாக வேண்டியிருந்த வேலை அதுதான். கருவிக்கு வெட்டச்சு, செயலுக்கு வெட்டச்சு வேலை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இனி எம்பாஸிங். பழைய பிரெஞ்சு மொழியில் வீக்கம், குமிழ், புடைப்பு ஆகியவற்றைக் குறித்த ஒரு சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘பாஸ்’ ஆனது; கேடயத்தின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் குமிழுக்கு இன்றும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். மேலாளரைக் குறிக்கும் பாஸ் வேறு. அது டச்சு மொழியிலிருந்து வந்தது. ஆக, எம்பாஸ் செய்வது என்றால் ஒன்றின் மேற்பரப்பில் குமிழ் எழச் செய்வது. இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் இதே வேலையைக் ‘கோஃப்ராழ்’ என்பார்கள். கட்டம் கட்டமாக மேடும் பள்ளமுமாகச் சுட்டெடுக்கும் ‘கோஃப்ர்’ என்ற பலகாரத்தின் பெயரிலிருந்து பிறந்தது அது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த முதியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரு மொழிகளும் பார்ப்பது ஒன்றையே: பரப்பு மேலே எழுந்திருக்கிறதா என்பதை. நம் அச்சகங்களில் எந்திரம் ஓட்டுபவர்களும் அதையே பார்க்கிறார்கள். எம்போஸ் சரியாக விழாத திருமண அழைப்பிதழைக் கையில் எடுத்து விரலால் தடவி, “மேடு பத்தல, இன்னும் தூக்கலா வரணும்” என்றுதான் சொல்வார்கள்.

மேலே எழுவதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நரம்பு புடைக்கிறது, அடிபட்ட நெற்றி புடைக்கிறது, சுவரில் ஈரம் ஏறிய இடத்தில் பூச்சு புடைக்கிறது. மாமல்லபுரத்துப் பாறையில் பின்னணியிலிருந்து எழுந்து நிற்கும் யானைகளையும் முனிவர்களையும் புடைப்புச் சிற்பம் என்றே பள்ளிப் பாடநூல்கள் சொல்கின்றன. கல்லில் புடைப்பு என்று ஏற்றுக்கொண்டவர்கள் காகிதத்துக்கு வந்ததும் ஏன் பொறிப்புக்குத் தாவுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

விளங்காததை விளக்குவதற்கென்றே என் நண்பர் ஒருவர் இருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் பொறிப்பின் பக்கம். அவருடைய முதல் வாதம் தொன்மை. “இமயத்தில் வில்லைப் பொறித்தான் சேரன் என்று படித்த நாமே பொறிப்பைக் கைவிடலாமா, ஐயா? குடத்தில் இட்ட ஓலையை எடுக்கும்போது மேலே இருக்கும் பொறியைப் பார்த்து உடைத்ததாக அகநானூறே சொல்கிறதே” என்றார். மறுக்க முடியாத சான்றுதான். அங்கே பொறி என்பது முத்திரை. ஆனால் அந்தச் சான்று எனக்குத்தான் துணை நிற்கிறது. பொறி என்றால் அடையாளம். அது உள்ளே குழிந்ததா, வெளியே எழுந்ததா, மையால் இட்டதா, சூட்டால் இட்டதா என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் சொல்வதில்லை. சேரன் இமயத்துப் பாறையில் வில்லைச் செதுக்கினானா, மேடாக எழுப்பினானா என்று யாராலும் சொல்ல முடியாது. புலவருக்கு அது தேவையும் படவில்லை. அட்டை செய்பவருக்கோ தேவைப்படுவது அது ஒன்றுதான்.

இன்றைய வழக்கில் பொறித்தல் என்றதும் மனத்தில் தோன்றுவது குழிவாகச் செதுக்குதல். கல்வெட்டில் எழுத்துப் பொறிக்கிறார்கள். வெள்ளித் தட்டில் பெயர் பொறித்துக் கொடுக்கிறார்கள். அதே சொல்லை எம்பாஸிங்குக்கும் கொடுத்துவிட்டால், தட்டில் பெயர் பொறிப்பதை எப்படி வேறுபடுத்துவது? காகிதத்தில் உருவத்தை உள்ளே அமுக்கிப் பள்ளமாக்கும் ‘டிபாஸிங்’ என்ற எதிர் வேலை இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? நண்பரிடம் கேட்டேன். “உட்பொறிப்பு” என்றார். “அப்படியானால் எம்பாஸிங் வெளிப்பொறிப்பா?” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

இதற்குத் தீர்ப்பு வழங்கக் கல்வெட்டையே அழைக்கலாம். கல்வெட்டாய்வாளர்கள் மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் ஓங்கித் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கிப் பதிந்துகொள்ளும். ஈரம் சற்று வற்றியதும் மை தோய்ந்த பஞ்சுப் பொதியால் ஒற்றினால், கருமைக்கு நடுவே எழுத்து வெள்ளையாகத் தெரியும். உலர்ந்த தாளை உரித்தெடுத்து, கல்லோடு ஒட்டியிருந்த பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் இடம் வலம் மாறி மேடாக நிற்கும். கல்லில் இருப்பது பொறிப்பு, அந்தப் பொறிப்பால் தாளில் எழுந்தது புடைப்பு. ஒரே எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இரண்டு பரப்புகள், இரண்டு சொற்கள். வகுப்பில் பயன்படுத்தும் புடைப்பு மடலும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. புத்தகம்போல் மடங்கும் நெகிழித் தகடு அது. ஒரு பக்கத்தில் உருவம் பள்ளமாகவும் எதிர்ப்பக்கத்தில் மேடாகவும் இருக்கும். நடுவே காகிதத்தை வைத்து அழுத்தினால், மேடு காகிதத்தைப் பள்ளத்துக்குள் தள்ளிப் புடைக்கச் செய்யும். மடலின் பள்ளத்தைப் பொறிப்பு என்று சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். காகிதத்தில் வந்ததை அப்படிச் சொல்லாதீர்கள். பார்வையற்றோர் படிக்கும் பிரெயில் எழுத்திலும் எழுத்தாணி குத்துவது தாளின் பின்பக்கத்தில். விரல் படிப்பதோ முன்பக்கத்தில் எழுந்த புள்ளிகளை. அவற்றைப் பொறிப்புப் புள்ளிகள் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

நண்பரின் அடுத்த வாதம், புடைப்பு என்ற சொல் காதுக்கு இனிமையாக இல்லை, கட்டி வந்ததுபோல் ஒலிக்கிறது என்பது. ஒலி நயம் அவரவர் காதைப் பொறுத்தது. பொறியில் எலியும் மாட்டுகிறது என்று பதில் சொன்னதோடு அதை விட்டுவிட்டேன். மூன்றாவது வாதத்தில்தான் சரக்கு இருந்தது. புடைத்தல் என்றால் முறத்தில் தானியம் புடைப்பதும் அடித்து நொறுக்குவதும் ஆகும்; ‘காகிதத்தைப் புடைக்கவும்’ என்று எழுதினால் முறத்தைத் தேடமாட்டார்களா என்றார். நியாயமான கேள்வி. தானாக வீங்குவதற்கும் பிறிதொன்றை அடிப்பதற்கும் வினைமுற்று ஒரே வடிவில் இருப்பதால் வரும் சிக்கல் இது. ‘காகிதம் புடைக்கிறது’ என்று தன்வினையாகச் சொல்லும்போது குழப்பம் இல்லை. செய்யச் சொல்லும்போது ‘புடைப்பிக்கவும்’ என்று பிறவினையில் எழுதினால் முறம் தானே விலகிவிடும். ‘புடைப்பு வை’, ‘புடைப்பு ஏற்று’ என்று பேச்சுக்கு நெருக்கமாகவும் சொல்லலாம்.

டிபாஸிங்குக்குக் ‘குழிப்பு’ போதும். பணியாரக் குழியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். சூட்டால் செய்யும் எம்பாஸிங்கை ‘வெப்பப் புடைப்பு’ என்று எழுதுகிறார்கள். அது தவறில்லை என்றாலும் எனக்கு நிறைவில்லை. ஒட்டும் மையால் முத்திரை குத்தி, அதன்மேல் நுண்பொடி தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டு, சூட்டுக்காற்றால் உருக்கும் வேலை அது. அங்கே காகிதம் எழுவதே இல்லை. உருகிய பொடிதான் பளபளவென்று எழுந்து நிற்கிறது. ஆகவே ‘பொடிப் புடைப்பு’ என்றால் என்ன நடக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

தூய்மை பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘எம்போஸ்’ என்றே ஒருவர் எழுதினால் எனக்கு மனவருத்தம் இல்லை. அச்சகத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. வருத்தமெல்லாம், வேலை நடக்கும் மேசையருகே ஒரு நாள்கூட நில்லாமல் அகராதியின் முதல் பொருளைப் பெயர்த்தெடுத்துக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை மகள் இப்படியொரு சிறு எந்திரம் வாங்கினாள். அதோடு வந்த தமிழ்க் குறிப்பில் வெட்டச்சுக்கும் ‘பொறிப்புத் தகடு’, புடைப்பு மடலுக்கும் ‘பொறிப்புத் தகடு’. வெட்டச்சு மெல்லியது, மேலும் கீழும் வெட்டுப்பலகை வைத்துத் தள்ள வேண்டும். மடல் தடித்தது, அதற்கு ஒரு பலகையைக் குறைக்க வேண்டும். குறிப்பை நம்பி அவள் மடலையும் இரண்டு வெட்டுப்பலகைகளுக்கு நடுவே வைத்துக் கைப்பிடியை வலிந்து சுற்ற, மடல் குறுக்கே விரிசல் விட்டது. “மாமா, குறிப்புல சொன்னபடிதான் செஞ்சேன்” என்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள். சொன்னபடி செய்ததுதான் காரணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதே குறிப்பில் ‘இழை நீண்ட காகிதம் நல்லது’ என்று மட்டும் இருந்தது. எதற்கு நல்லது என்று இல்லை. பருத்தியிழைக் காகிதம் புடைப்புக்கு மிகவும் ஏற்றது. நீண்ட இழைகள் கிழியாமல் இழுபட்டுக் கொடுக்கும், இலேசாக ஈரப்படுத்தினால் இன்னும் கூர்மையாக எழும். வெட்டச்சுக்கோ அதே இழைதான் தொல்லை. மூலைகளில் அறுபடாமல் தொங்கும், அடியில் ஒரு மெல்லிய அட்டையைக் கூடுதலாக வைத்து மறுமுறை தள்ள வேண்டியிருக்கும். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தவர் இந்த வேறுபாட்டை எந்தச் சொல்லால் எழுதியிருக்க முடியும்?

துண்டறிக்கையைத் தயாரித்தவரை நேரில் பார்த்து இவற்றில் பாதியையாவது சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தாளில் குறித்தும் கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் புதிய துண்டறிக்கை வந்தது. சாயம் போய்விட்டது, வெட்டச்சு கொட்டை எழுத்தில் நின்றது. அதற்கு அடுத்த வரியில், “காகிதப் பொரிப்புப் பயிற்சியும் உண்டு” என்று இருந்தது.