எந்த ஏர்வாடி?

“பார்சல் ராம்நாடு வந்துட்டதா மெசேஜ் வந்து ரெண்டு நாளாச்சு, வீட்டுக்கு வரக்காணோமே?” கூரியர் ஹப்பில் எனக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் இதுதான்.

லோடு பிரிக்கும்போது ஊர்ப் பெயரை நாங்கள் முதலில் படிப்பதில்லை. ஸ்கேனர் பார்ப்பது பின்கோடு. 1972-ல் தபால் துறை கொண்டுவந்த அதே ஆறு இலக்கம். 623 என்று தொடங்கினால் எங்கள் பக்கம். கடைசி மூன்று எண்தான் எந்த வண்டி என்று சொல்லும்: 517 கீழக்கரை, 526 ராமேஸ்வரம்.

போன மாதம் ஏர்வாடி தர்கா பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு வாக்கர் வர வேண்டியது. இடுப்பெலும்பு முறிந்தவர். ஆர்டர் போட்ட பேரன் ஏர்வாடி என்று தேடி, முதலில் வந்த 627103-ஐ அமுக்கிவிட்டார். அது திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடி. நம்முடையது 623515. பெட்டி அங்கே போய்த் திரும்ப ஆறு நாள். பாட்டி அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளித் தள்ளி நடந்திருக்கிறார்.

பின்கோடு சரியாக இருந்தாலும் வண்டிக்குள் ஒரு வரிசை உண்டு. ராமேஸ்வரம் வண்டியில் உச்சிப்புளி, மண்டபம் பெட்டிகள் கதவோரம். தீவுப் பெட்டிகள் உள்ளே. மண்டபத்தில் நீங்கள் போன் எடுக்கவில்லையா, வண்டி பாலம் ஏறிவிடும். ஒரு பெட்டிக்காக இறங்கி வராது. உங்களுக்கு மறுநாள்தான்.

அதனால் போன் நம்பர்தான் பாதி முகவரி. கீழக்கரைக்குச் சபுராளிப் பிள்ளைகள் (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்) துபாயிலிருந்து ஆர்டர் போடுவார்கள். லேபிளில் துபாய் நம்பர். டிரைவர் எப்படிக் கூப்பிடுவார்? தங்கச்சிமடத்தில் வேறு கதை: ஓடிபி போவது கடலுக்குப் போனவர் போனுக்கு, வாசலில் நிற்பது அவர் மனைவி. வீட்டில் இருப்பவர் நம்பரைக் கொடுங்கள். (பெட்டி கைக்கு வராமல் ஓடிபி மட்டும் கேட்டால் சொல்லவே சொல்லாதீர்கள்.)

தபால் துறை 2025-ல் டிஜிபின் என்று பத்து எழுத்துக் குறியீடு கொண்டுவந்திருக்கிறது. ஏறக்குறைய நாலு மீட்டர் கட்டம்வரை இடத்தைக் காட்டும். எங்கள் லேபிளில் இன்னும் பார்க்கவில்லை. அதுவரை ‘ஐஸ் கம்பெனிக்கு எதிரே’ என்று ஒரு வரி சேர்த்தாலே டிரைவர் கும்பிடுவார்.

இன்று காலை ஒரு லேபிளில் ‘பாம்பன், கடற்கரை வீடு’ என்று மட்டும் இருந்தது. வடகடலா, தென்கடலா? போன் சுவிட்ச் ஆஃப். பெட்டியைக் கதவோரம் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.